அடுக்களைக் கேள்விகள்: வாணலியில் தண்ணீர் விடும் மாட்டிறைச்சி

சென்ற இதழில் இப்பகுதியில், மாட்டிறைச்சியையும் ப்ரோக்கோலியையும் கான்டனீய (தென்சீனக் குவாங்டோங் பகுதி) முறையில் பெருந்தீயில் புரட்டிச் சமைக்கும் குறிப்பு ஒன்றைக் கொடுத்திருந்தேன். 300 கிராம் இறைச்சி, அதே எடைக்குக் காய், இஞ்சி, பூண்டு, சோயா சாஸ், சிப்பி சாஸ், சோளமாவு (கார்ன்ஃபிளவர்), அரிசி மது, கடைசியில் விட எள் எண்ணெய் ஆகியவைதாம் அதற்குரிய பொருள்கள். அடுப்பில் வேலை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்றும் எழுதியிருந்தேன். அந்தப் பத்து நிமிடத்தை நம்பிச் சமைத்தவர்களின் கடிதங்களே இம்முறை மிகுதி. பல கடிதங்கள் ஒரே குறையைச் சொல்வதால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (சென்னை வாசகி): நாங்கள் ஆறு பேர் என்பதால் முக்கால் கிலோ இறைச்சியும் அதே அளவு காயும் எடுத்தேன். அடுப்பை முழு வேகத்தில் வைத்தும், இறைச்சியைப் போட்ட இரண்டாம் நிமிடத்திலேயே வாணலி நிறையச் சாம்பல் நிறத்தில் தண்ணீர் நின்றது. வற்றட்டும் என்று காத்திருந்தேன். வற்றியபோது இறைச்சி ரப்பராகிவிட்டது. தவறு எங்கே நேர்ந்தது?

பதில்: தவறு உங்கள் கையில் இல்லை, அளவில் இருக்கிறது. கொழுப்பில்லாத மாட்டிறைச்சியின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர்தான். சூடு பட்டவுடன் தசைநார்கள் சுருங்கி, ஈரத் துணியைப் பிழிந்தாற்போல அந்த நீரில் ஒரு பகுதியை வெளியே தள்ளுகின்றன. இறைச்சி பழுப்பு நிறம் ஏறி மணக்க வேண்டுமானால் அதன் மேற்பரப்பு 140 டிகிரி செல்சியஸ் அளவுக்காவது சூடேற வேண்டும். ஆனால் சட்டியில் நீர் நிற்கும்வரை அந்த இடத்தின் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது. ஆகவே நீங்கள் செய்தது வறுத்தல் அன்று, தண்ணீரில் வேகவைத்தல்.

உங்கள் முக்கால் கிலோவையே கணக்கிட்டுப் பார்ப்போம். இறைச்சி தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு நீரை விடுகிறது என்று வைத்துக்கொண்டால், 150 கிராம் நீர் ஆவியாக வேண்டும். ஒரு கிராம் நீரைக் கொதிநிலையில் ஆவியாக்க ஏறத்தாழ 2,260 ஜூல் வெப்பம் தேவை. பனிக்கட்டி உருகிய குளிர்ந்த நீரைக் கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவரத் தேவைப்படுவதைப் போல இது ஐந்து மடங்குக்கும் மேல். வீட்டு எரிவாயு அடுப்பின் பெரிய பர்னர் பொதுவாக 2 முதல் 4 கிலோவாட் வெப்பம் தரும். அதிலும் பாதியளவு வாணலியைச் சேராமல் பக்கவாட்டில் போய்விடுகிறது. ஆகவே 3 கிலோவாட் அடுப்பில் அந்த 150 கிராம் நீரை விரட்டுவதற்கு மட்டுமே நான்கு நிமிடம் பிடிக்கும், அந்த நான்கு நிமிடமும் இறைச்சி கொதித்துக்கொண்டே இருக்கும். 150 கிராம் இறைச்சியை மட்டும் போட்டிருந்தால் இதே வேலை முக்கால் நிமிடத்தில் முடிந்திருக்கும். சீன உணவகத்து அடுப்பு 30 கிலோவாட்டைத் தொடுவதும் மிஞ்சுவதும் உண்டு. அங்கே அரைக் கிலோவை ஒரே முறையில் கொட்டும் சமையற்காரரைப் பார்த்து நாமும் அப்படியே செய்வது, குழாயடித் தண்ணீரில் ஏற்றம் இறைக்க நினைப்பது போன்றது.

ஆகவே சிறு சிறு ஈடாகப் போடுங்கள். இறைச்சியைக் கழுவியிருந்தால் நன்றாக வடித்து, சுத்தமான துணியில் ஒற்றி ஈரத்தை எடுத்துவிடுங்கள். ‘நான்கு தண்ணீர்’ கழுவும் நம் வீட்டுப் பழக்கத்தில் அலசிய நீர் இறைச்சியிலேயே தங்கிவிடுவது இந்தச் சமையலுக்குப் பெரிய பகை. வாணலியைத் தனியே காயவைத்து, ஒரு துளி நீர் விழுந்தால் அது சிதறியோடும் நிலை வந்ததும் எண்ணெய் ஊற்றி, 150 கிராம் இறைச்சியை ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்புங்கள். பரப்பிய பின் முக்கால் நிமிடம் கரண்டியைத் தொடாதீர்கள். புரட்டுவதுதான் இந்தச் சமையல் என்று பெயரே சொன்னாலும், போட்டவுடன் கிளறுவது இறைச்சியைக் குளிரவைக்கும். அடிப்பக்கம் நிறம் ஏறியதும் ஒருமுறை புரட்டி, நடுவில் சிறிது சிவப்பு இருக்கும்போதே தட்டில் எடுத்துவிடுங்கள். கடைசியில் காயோடு சேரும்போது மிச்சமும் வெந்துவிடும். இரண்டாம் ஈட்டுக்கு வாணலியை மீண்டும் காயவைக்க வேண்டும், அதில் மட்டும் அவசரம் கூடாது.

ஆறு பேருக்கு முக்கால் கிலோ தேவையா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கான்டனீய வீடுகளில் இது சோற்றோடு வரும் மூன்று நான்கு பதார்த்தங்களில் ஒன்று. 300 கிராம் இறைச்சி போட்ட ஒரு தட்டை நடுவில் வைத்து எல்லோரும் பகிர்ந்துகொள்வார்கள்.

கேள்வி (ஆம்பூர் வாசகர்): எங்கள் ஊரில் நல்ல கறிக்குப் பஞ்சமில்லை. காலை ஆறு மணிக்கு அறுத்த கறியை ஏழு மணிக்கு வாங்கி, எட்டு மணிக்குச் சமைத்தேன். மெல்லியதாகவே வெட்டினேன், ஈரத்தையும் ஒற்றினேன். ஆனாலும் மெல்ல முடியவில்லை. இதைவிடப் புதிய கறி எங்கே கிடைக்கும்?

பதில்: இதைவிடப் புதியது கிடைக்காது, சிக்கலே அதுதான். அறுத்த சில மணி நேரத்தில் மாட்டின் தசைகள் விறைக்கத் தொடங்குகின்றன. அந்த விறைப்பு முழுமையாக ஏறி, பிறகு மெல்ல விலகுவதற்கு ஒரு நாளுக்கும் மேலாகும். விறைப்பு ஏறும் வேளையில் சமைத்த இறைச்சி எவ்வளவு மெலிதாக வெட்டினாலும் கடினமாகத்தான் இருக்கும். குழம்புக்கும் பிரியாணிக்கும் இது பெரிய குறையாகத் தெரிவதில்லை, ஏனென்றால் அங்கே நீண்ட நேர வேக்காடு அதைச் சரிசெய்துவிடுகிறது. இரண்டு நிமிடச் சமையலில் அந்த வாய்ப்பு இல்லை. காலையில் வாங்கியதும் கழுவாமல், மூடிய பாத்திரத்தில் குளிர்பெட்டியின் மிகக் குளிர்ந்த தட்டில் ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் வைத்திருங்கள். அங்கு வெப்பம் 4 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. இறைச்சியிலேயே உள்ள நொதிகள் அந்த நேரத்தில் தசைநார்களைத் தளர்த்திவிடும். ‘அன்றைய கறி அன்றே’ என்ற நம் பெரியவர்களின் விதி குளிர்பெட்டி இல்லாத காலத்துக்கு மிகச் சரியானது. இந்த ஒரு சமையலுக்கு மட்டும் அதை மீற வேண்டியிருக்கிறது.

அடுத்தது எந்தத் துண்டு என்பது. முதுகெலும்பின் உட்பக்கம் ஒட்டி நீளமாக இருக்கும், கடைக்காரர்கள் ‘அண்டர்கட்’ என்று சொல்லும் பகுதிதான் மிக மென்மையானது. விலை அதிகமென்றால் தொடையின் உட்புறச் சதையைச் சவ்வில்லாமல் கேளுங்கள். நெஞ்சுக்கறியும் கால்கறியும் கட்டாயம் வேண்டாம்; அவற்றில் இருக்கும் இணைப்புத் திசு கரைய மணிக்கணக்கில் வேக வேண்டும். இந்தியாவில் மாட்டிறைச்சி என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி எருமையுடையது என்பதையும் நினைவில் வையுங்கள். நிறம் சற்றுக் கருஞ்சிவப்பாகவும், கொழுப்பு மஞ்சளாக இல்லாமல் நல்ல வெள்ளையாகவும் இருந்தால் அது எருமைக்கறியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதனால் சுவை ஒன்றும் குறைவதில்லை, ஆனால் நார் பருமனாக இருப்பதால் இன்னும் மெலிதாக வெட்ட வேண்டும்.

வெட்டும் திசைதான் எல்லாவற்றிலும் முக்கியம். இறைச்சியை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் நார்கள் ஒரே பக்கமாக ஓடுவது தெரியும். அந்த ஓட்டத்துக்குக் குறுக்கே 3 மி.மீ. கனத்தில் வெட்டுங்கள். தேங்காய்நார்க் கயிற்றை நீளவாக்கில் பிரித்துக் கடித்தால் பல்லுக்குத்தான் சேதம். அதையே குறுக்கே பொடிப்பொடியாக நறுக்கினால் தானே உதிர்ந்துவிடும். இறைச்சியும் அப்படித்தான். கை நழுவாமல் மெலிதாக வெட்ட, முழுத்துண்டை உறைபெட்டியில் அரை மணி நேரம் வைத்து, ஓரளவு இறுகியதும் எடுத்து வெட்டுவது நல்லது. கடைக்காரரிடமே வெட்டித் தரச் சொல்லாதீர்கள்; அவர் குழம்புக்குப் போடும் வேகத்தில் எந்தத் திசையிலும் வெட்டுவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகி): இறைச்சியில் ஒருமுறை, சாஸில் ஒருமுறை என இரண்டு இடத்தில் சோளமாவு சொல்லியிருந்தீர்கள். அச்சுப் பிழையா? மேலும் உணவகங்களில் கறி வெண்ணெயாய் இருப்பதற்கு ஆப்பச் சோடாதான் காரணம் என்கிறார்களே, அது உண்மையா?

பதில்: அச்சுப் பிழை அன்று. இறைச்சியில் பூசும் சோளமாவு அதற்கு ஒரு மேலாடை போன்றது: சூட்டில் அந்த மாவு கஞ்சிப் பதமாகி இறைச்சியைச் சுற்றி ஒரு மெல்லிய படலமாகி, உள்ளிருக்கும் நீர் வெளியேறுவதைத் தடுக்கிறது, பின்னால் வரும் சாஸையும் பிடித்துக்கொள்கிறது. சாஸில் கலப்பது சாறு நீர்த்து ஓடாமல் திரள்வதற்கு. 300 கிராம் இறைச்சிக்கு ஒரு மேசைக்கரண்டி வெளிர் சோயா சாஸ், ஒரு மேசைக்கரண்டி தண்ணீர், அரைத் தேக்கரண்டி சர்க்கரை, சிறிது வெள்ளை மிளகுத்தூள் ஆகியவற்றைப் போட்டு, அந்த ஈரம் முழுவதையும் இறைச்சி இழுத்துக்கொள்ளும்வரை கையால் பிசறுங்கள். பிறகுதான் ஒன்றரைத் தேக்கரண்டி சோளமாவு. கடைசியில் ஒட்டாமல் இருக்க ஒரு தேக்கரண்டி எண்ணெய். முதல் பதிலில் ஈரத்தை ஒற்றச் சொல்லிவிட்டு இங்கே தண்ணீர் ஊற்றச் சொல்கிறேனே என்று கேட்பீர்கள். மேலே நிற்கும் நீர் வேறு, இறைச்சி குடித்து மாவால் மூடப்பட்ட நீர் வேறு. பிசறிய பாத்திரத்தின் அடியில் ஈரம் தேங்கி நின்றால் இன்னும் பிசற வேண்டும் என்று பொருள்.

ஆப்பச் சோடா பற்றிய பேச்சு உண்மைதான். காரத்தன்மை ஏறிய இறைச்சியின் புரதங்கள் சூட்டில் இறுக ஒட்டிக்கொள்ளாமல் நீரைத் தக்கவைத்துக்கொள்கின்றன. அண்டர்கட்டுக்கு இது தேவையே இல்லை. முதிர்ந்த மாட்டின் தொடைக்கறிக்கு, 300 கிராமுக்குக் கால் தேக்கரண்டி சோடாவை இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்துப் பிசறி, கால் மணி நேரம் கழித்து நன்றாக அலசி, ஒற்றி எடுத்த பிறகு மேற்சொன்ன கலவையைச் சேருங்கள். அளவு கூடினால் சவுக்கார வாடை வந்துவிடும், இறைச்சி வழவழப்பாகிக் கறி என்ற உணர்வே போய்விடும். உணவகங்கள் சிலவற்றில் அந்த எல்லையை மீறிவிடுகிறார்கள் என்பது என் கருத்து. பப்பாளிக்காய் அரைத்துப் பூசலாமா என்று இன்னொருவரும் கேட்டிருந்தார். மெல்லிய துண்டுகளில் பப்பாளி வெளிப்புறத்தை மாவாக்கிவிடும். அதைக் கபாபுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தயிரும் எலுமிச்சையும் இங்கே வேண்டாம்.

கேள்வி (திருச்சி வாசகர்): ஸ்டிர் ஃப்ரை என்பதைத் தமிழில் வதக்கல் என்று சொல்வதா, வறுவல் என்று சொல்வதா?

பதில்: இரண்டுமே முழுமையாகப் பொருந்தவில்லை. வதக்குவது என்றால் பொருள் வதங்க வேண்டும், அதாவது துவண்டு நீர் சுண்ட வேண்டும். இந்தச் சமையலில் காய் வதங்கினால் தோல்வி. வறுவலில் மசாலா ஏறி ஈரம் வற்ற வேண்டும்; இங்கே முடிவில் ஒரு மினுமினுப்பான சாறு தேவை. சீன மொழியில் இதற்கு ‘சாவ்’ என்ற ஒற்றைச் சொல் இருக்கிறது. ஆங்கிலத்துக்கும் இதே சங்கடம் நேர்ந்தது: மருத்துவரான புவெய் யாங் சாவோ அம்மையார் 1945இல் அமெரிக்காவில் வெளியிட்ட தம் சமையல் நூலில்தான் ‘ஸ்டிர் ஃப்ரை’ என்ற சொல் முதலில் வழக்குக்கு வந்தது. நூலை ஆங்கிலத்தில் கொண்டுவர அவருடைய மகளும், மொழியியலாளரான அவருடைய கணவரும் உதவினார்கள். நமக்கும் அப்படி ஒரு வீடு வாய்க்கும்வரை ‘பெருந்தீப் புரட்டல்’ என்று சொல்லிப் பார்க்கலாம். பிடிக்காதவர்கள் ஸ்டிர் ஃப்ரை என்றே சொல்லட்டும், சுவை மாறாது.

கேள்வி (திருகோணமலை வாசகி): இங்கு ப்ரோக்கோலி எப்போதாவதுதான் வரும், வந்தாலும் விலை கட்டுப்படியாகாது. வேறு என்ன மரக்கறி போடலாம்? எதை முதலில் போட வேண்டும்?

பதில்: ப்ரோக்கோலியே இந்தச் சமையலுக்குப் பின்னால் வந்து சேர்ந்ததுதான். கான்டனீயர்கள் போட்டது கைலான் என்னும் தடித்த தண்டுள்ள கீரை. அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த சீனர்கள் அங்கே தாராளமாகக் கிடைத்த ப்ரோக்கோலியை அதன் இடத்தில் வைத்தார்கள். ஆகவே நீங்களும் உங்கள் சந்தையைப் பார்த்து மாற்றிக்கொள்வதில் பிழை ஒன்றும் இல்லை. நுவரெலியாவிலிருந்து வரும் லீக்ஸ் மாட்டிறைச்சிக்கு மிக நன்றாகச் சேரும். சாய்வாகத் தடிப்பாக அரிந்து, முக்கால் நிமிடம் புரட்டினால் போதும். கறிமிளகாய், பெரிய வெங்காயம், பிஞ்சு போஞ்சி (பீன்ஸ்), கோவா (முட்டைக்கோஸ்) எல்லாம் ஏற்றவை. கங்குன் கீரை போடுவதாக இருந்தால் தண்டை முதலிலும் இலையைக் கடைசி அரை நிமிடத்திலும் சேருங்கள்.

வரிசைக்கு ஒரே அளவுகோல் இருக்கிறது: கடினமானது முதலில், நீர் மிகுந்தது கடைசியில். கரட், போஞ்சி போன்றவற்றைக் கொதிக்கும் உப்பு நீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து, முழுவதும் ஆறி ஈரம் உலரும்வரை பரப்பிவைத்தால் தாச்சியில் (வாணலியில்) அவற்றுக்கு மேலும் ஒரு நிமிடமே தேவைப்படும். வடித்தவுடன் அப்படியே தாச்சியில் கொட்டிவிட்டு, பிறகு தண்ணீர் விட்டுவிட்டது என்று வருந்தாதீர்கள். காளான், கத்தரிக்காய், பூசணி ஆகியவற்றை நான் இறைச்சியோடு சேர்ப்பதே இல்லை, நீருக்கு ஈடுகொடுக்க முடிவதில்லை.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது பாகற்காய். மாட்டிறைச்சியும் பாகற்காயும் சேர்ந்த புரட்டல் கான்டனீய வீடுகளில் வெயில் காலத்தில் அடிக்கடி வைக்கும் உண்மையான வீட்டுச் சமையல். நாம் கண்டுபிடித்த கலப்பு அன்று. மலேசியாவின் ஈப்போவில் நான் குடியிருந்தபோது அடுத்த வீட்டுப் பாட்டி இதை வைத்தால் மணம் எங்கள் முற்றத்தைத் தாண்டும். அவர்கள் பாகற்காயைக் கசப்புக்காய் என்று சொல்ல விரும்பாமல் ‘குளிர்ச்சிக்காய்’ என்பார்கள். சீனத்தில் அதற்குச் ‘சான்றோர் காய்’ என்றும் ஒரு பெயர் உண்டு: தான் கசந்தாலும், கூடச் சமைத்த பொருளுக்குத் தன் கசப்பைக் கொடுப்பதில்லையாம். சமைத்துப் பார்த்தால் அது மெய்தான் என்று தெரியும், இறைச்சித் துண்டு ஒன்றுகூடக் கசப்பதில்லை.

அவர்களுடைய காய் வெளிர்பச்சையாக, பருத்து, மேடுகள் மழுங்கி இருக்கும். நம்முடையது முள்முள்ளாக, கசப்பு மிகுந்திருக்கும். ஆகவே இரண்டாகப் பிளந்து விதையையும் உள்ளிருக்கும் வெண்பஞ்சையும் வழித்தெடுத்து, பிறைபோல 4 மி.மீ. கனத்தில் அரிந்து, அரைத் தேக்கரண்டி உப்புப் பிசறிக் கால் மணி நேரம் வைத்து, அலசிப் பிழியுங்கள். கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்தால் கசப்பு இன்னும் தணியும். இதற்குரிய சாரம் உப்பிட்டுப் புளிக்கவைத்த கறுப்பு சோயா அவரை. சீனக் கடைகளில் சிறு பொட்டலமாக விற்பார்கள். ஒரு மேசைக்கரண்டி எடுத்து அலசி, மூன்று பல் பூண்டோடு தட்டி, இறைச்சியை எடுத்த தாச்சியில் மிதமான சூட்டில் மணம் வரும்வரை புரட்டி, பாகற்காயைப் போட்டு ஒன்றரை நிமிடம், பிறகு இறைச்சி, பிறகு இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரும் ஒரு சிட்டிகை சர்க்கரையும். உப்பு தனியாக வேண்டியதில்லை. அந்த அவரை கிடைக்காவிட்டால் பூண்டும் சோயா சாஸும் மட்டும் போதும். வேறு எதையும் ஈடாகச் சேர்க்க முயலாதீர்கள்.

கேள்வி (டொரொண்டோ வாசகர்): எங்கள் அடுக்கக வீட்டில் மின்தூண்டல் (இண்டக்‌ஷன்) அடுப்புத்தான். ஒட்டாத பூச்சுள்ள வாணலியும் இருக்கிறது. சீன உணவகத்தில் வருகிற அந்தப் புகை மணம் மட்டும் வரவே இல்லை.

பதில்: அந்த மணத்தைக் கான்டனீயர்கள் ‘வோக் ஹெய்’, அதாவது வாணலியின் மூச்சு என்பார்கள். தூக்கிப் போடும்போது எண்ணெய்த் துளிகள் வாணலியின் விளிம்பைத் தாண்டி வரும் தீயில் பற்றி எரிவதும் அதற்கு ஒரு காரணம். தீயே இல்லாத அடுப்பில் அது முழுதாகக் கைகூடாது, அதற்காக ஏங்கிப் பயனில்லை. ஆனால் பாதி மணம் நன்கு காய்ந்த இரும்பிலிருந்து வருவது, அது உங்களுக்கும் கிடைக்கும். ஒட்டாத பூச்சு 260 டிகிரிக்கு மேல் சிதையத் தொடங்குவதால், வெறும் வாணலியைக் காயவைக்கும் இந்த வேலைக்கு அது உதவாது. வீட்டில் கிளி போன்ற பறவை வளர்ப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும், அந்தப் புகை பறவைகளைக் கொன்றுவிடும். அடி தட்டையான இரும்பு வாணலி ஒன்றை வாங்கி, தோசைக்கல்லைப் பழக்குவது போல எண்ணெய் தடவிக் காயவைத்துப் பழக்குங்கள். உங்கள் வீட்டு வார்ப்பிரும்புத் தோசைக்கல் விளிம்புள்ளதாக இருந்தால் இறைச்சியை அதிலேயே போட்டு எடுக்கலாம். கனமான இரும்பு சூட்டைச் சேர்த்துவைத்திருப்பதால் குளிர்ந்த இறைச்சி விழுந்தாலும் சட்டென்று ஆறாது.

தூக்கிப் போடும் வித்தை வீட்டுக்குத் தேவையில்லை. அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தின் ஹங்டாங் கோ, டேவிட் ஹு இருவரும் 2020இல் வெளியிட்ட ஆய்வில், வறுத்த சோறு செய்யும் தொழில்முறைச் சமையற்காரர்கள் ஒரு முறை தூக்கிப் போட்டுப் பிடிக்க ஏறத்தாழ மூன்றில் ஒரு விநாடியே எடுப்பதைக் காட்டினார்கள். 30 கிலோவாட் தீயில் கருகாமல் தப்பிப்பதற்கு அந்த வேகம் அவர்களுக்கு வேண்டும். நம் அடுப்பில் வாணலியைத் தூக்கினால் இருக்கும் சூடும் போய்விடும், மின்தூண்டல் அடுப்போ வேலையையே நிறுத்திவிடும்.

கேள்வி (மதுரை வாசகி): கடைசியில் விடும் எள் எண்ணெய்க்குப் பதில் நல்லெண்ணெய் ஊற்றலாமா?

பதில்: இரண்டும் எள்ளிலிருந்து வந்தாலும் ஒன்றல்ல. சீனர்கள் எள்ளைக் கருஞ்சிவப்பாக வறுத்துப் பிழிகிறார்கள். நாம் வறுக்காமல் செக்கில் ஆட்டுகிறோம். நல்லெண்ணெயில் அந்த வறுத்த மணம் இல்லை. ஒரு தேக்கரண்டி எள்ளை வறுத்து நுணுக்கித் தூவுவது இதைவிட நெருக்கமாக இருக்கும். புரட்டுவதற்குச் சுத்திகரித்த கடலை எண்ணெயை எடுங்கள். செக்கு எண்ணெய் இந்தச் சூட்டில் சீக்கிரம் புகைந்துவிடும்.

கேள்வி (காயல்பட்டினம் வாசகி): உங்கள் குறிப்பில் அரிசி மது சொல்லியிருந்தீர்கள். நாங்கள் சேர்க்க மாட்டோம். சிப்பி சாஸ் என்பது என்ன, அதிலும் மது உண்டா?

பதில்: மதுவைத் தாராளமாக விட்டுவிடலாம், கொதித்தால் ஆவியாகிவிடும் என்று சமாதானம் சொல்பவர்களை நம்பாதீர்கள், சிறிதளவு தங்கவே செய்யும். அதன் இடத்தில் இரண்டு மேசைக்கரண்டி எலும்புச் சாறும் ஒரு சிட்டிகை சர்க்கரையும் போதும். சிப்பி சாஸ் என்பது கடற்சிப்பியை நெடுநேரம் வேகவைத்த சாற்றிலிருந்து வருவது. 1888இல் குவாங்டோங் பகுதியில் நான்ஷுய் என்னும் ஊரில் சிறு உணவுக்கடை வைத்திருந்த லீ கும் ஷெங், அடுப்பில் மறந்துவிட்ட சிப்பிச் சாறு வற்றிக் குழம்பானதைச் சுவைத்துப் பார்த்ததில் இது பிறந்தது என்பது, அவர் தொடங்கிய நிறுவனமே சொல்லிவரும் கதை. இன்றைய புட்டிகளில் சிப்பிச் சாற்றோடு சர்க்கரை, உப்பு, மாவு ஆகியவையும் இருக்கும். சோயா சாஸ் புளிக்கும்போது இயல்பாகவே சிறிது மதுச்சத்து உண்டாகிறது, சிலவற்றில் தனியாகவும் சேர்க்கிறார்கள். ஆகவே இரண்டிலுமே ஹலால் முத்திரை உள்ளதைப் பார்த்து வாங்குங்கள். காளானில் செய்த சாஸும் கிடைக்கிறது.

கேள்வி (புதுச்சேரி வாசகர்): எனக்கு இரத்த அழுத்தம் உண்டு. சோயா சாஸ், சிப்பி சாஸ், அத்துடன் அஜினமோட்டோவா?

பதில்: அஜினமோட்டோவை நான் குறிப்பில் சொல்லவே இல்லை. ஆனால் உங்கள் அச்சம் தவறான புட்டியின்மீது விழுந்திருக்கிறது. அஜினமோட்டோ எனப்படும் மோனோசோடியம் குளூட்டமேட்டில் சோடியம் 12 விழுக்காடு. சாதாரண உப்பில் 39 விழுக்காடு. கவனிக்க வேண்டியது சோயா சாஸை: ஒரு மேசைக்கரண்டியில் ஏறத்தாழ 900 மில்லிகிராம் சோடியம், அதாவது இரண்டு கிராமுக்கும் மேலான உப்பு இருக்கிறது. நாளொன்றுக்கு மொத்தம் 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. இறைச்சியில் பிசறும் சோயா சாஸைப் பாதியாக்கி, சிப்பி சாஸை ஒரு தேக்கரண்டியோடு நிறுத்தி, இஞ்சி, பூண்டு, மிளகு, வெங்காயத்தாள் ஆகியவற்றைக் கூட்டுங்கள். சாஸைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து சாப்பிடும் வழக்கத்தையும் விட வேண்டும். உங்கள் அளவை உங்கள் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி (நாகர்கோவில் வாசகி): கறியைக் குக்கரில் ஐந்து விசில் விட்டு எடுத்து, பிறகு காயோடு புரட்டினால் என்ன?

பதில்: நல்ல சாப்பாடாகத்தான் இருக்கும், ஆனால் அது வேறு சமையல். குக்கரில் வெந்த துண்டில் சாறு வெளியேறி நார் பிரிந்திருக்கும். அது மிளகும் தேங்காய்ப் பல்லும் சேர்த்து நிதானமாகப் பிரட்டும் உங்கள் ஊர் வறுவலுக்கே ஏற்றது. கைவசம் நெஞ்சுக்கறிதான் இருக்கிறதென்றால் தயங்காமல் அதைச் செய்யுங்கள், காயை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி (பினாங்கு வாசகர்): வீட்டில் அம்மாவும் மனைவியும் மாட்டிறைச்சி உண்பதில்லை. அவர்களுக்காக இதையே ஆட்டிறைச்சியில் செய்யலாமா? இரவு செய்து மறுநாள் அலுவலகத்துக்குக் கொண்டுபோகலாமா?

பதில்: செய்யலாம். வட சீனத்தில் செம்மறி இறைச்சியை வெங்காயத்தாளோடு இப்படித்தான் புரட்டுகிறார்கள். நம் கடைகளில் கிடைக்கும் வெள்ளாட்டுத் தொடைக்கறி அதைவிடக் கடினமானது என்பதால் 2 மி.மீ. கனத்தில் வெட்டி, சோடா முறையையும் கையாளுங்கள். அது வேண்டாமென்றால் கோழித் தொடைச் சதை மிக எளிது. ஆனால் அதை நடுவில் சிவப்பில்லாமல் முழுதும் வேகவைக்க வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் செய்தால் முதலில் அவர்களுக்குரியதைச் சமைத்து எடுத்துவிடுங்கள், குவாலியும் (வாணலி) கரண்டியும் பலகையும் அவர்களுக்கெனத் தனியாக இருப்பது இன்னும் நல்லது.

மறுநாளுக்கு வைப்பதாக இருந்தால் சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். சோற்றை இன்னும் விரைவாக, ஆழமில்லாத பாத்திரத்தில் பரப்பி வையுங்கள். அலுவலகத்து நுண்ணலை அடுப்பில் சூடாக்கும்போது இறைச்சி இன்னொரு முறை வேகும் என்பதால், மறுநாள் பங்கைச் சமைக்காமல் பிசறிய நிலையிலேயே எடுத்துவைத்து, காலையில் புரட்டிக்கொண்டு போவதைத்தான் நான் செய்வேன். காயை இரவே அரிந்து உலரவைத்திருந்தால் அதற்கு ஆறு நிமிடம் ஆகும்.